படி ஏறாத ஆண்டுகள்: பணித் தேக்கம் குறித்த விளக்கங்களும் அவற்றின் போதாமைகளும்

ஒருவர் ஒரே பதவியில் 12 ஆண்டுகள், 15 ஆண்டுகள் என்று நின்றுவிடுகிறார். வேலை கைக்குப் பழகிவிட்டது. அதில் இனிக் கற்க ஒன்றுமில்லை. மேலே போகும் வழி அடைபட்டிருக்கிறது. வெளியே போகலாம் என்றால் வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, வயது எல்லாம் குறுக்கே நிற்கின்றன. இந்த நிலைக்குக் காரணம் அவரா, அவர் நிற்கும் இடமா?

இந்தக் கேள்வியின் வேர் அலுவலகங்களைவிடப் பழையது. திருக்குறளின் 38ஆம் அதிகாரம் ஊழின் வலிமையைப் பேசுகிறது. 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையோ, ஊழையும் பின்னுக்குத் தள்ளும் உழைப்பைப் பேசுகிறது. ஒரே நூலுக்குள் இரண்டும் இருக்கின்றன. ஒன்றை வைத்து மற்றதை அழித்துவிட வள்ளுவர் முயலவில்லை. அவர் பதவி உயர்வைப் பற்றி எழுதவில்லை என்பது உண்மைதான். ஆயினும் கடந்த நூறாண்டுகளில் உளவியலாளர்களும் சமூகவியலாளர்களும் பொருளியலாளர்களும் பணித் தேக்கத்துக்குச் சொன்ன விளக்கங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், பெரும்பாலானவை இந்த இரண்டு அதிகாரங்களில் ஒன்றின் பக்கம் சாய்ந்தே நிற்கின்றன. ஒவ்வொரு விளக்கமும் எங்கிருந்து வந்தது, எந்த இடத்தில் பலவீனப்படுகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

தேக்கம் என்று எதைச் சொல்கிறோம்

"வேலை" என்பதிலிருந்து பிரிந்து, வாழ்நாள் முழுவதும் நீளும் ஒரு பாதையாகப் பணிவாழ்வைப் பார்க்கும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டில்தான் உறுதிப்பட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் 1908இல் தொழில் வழிகாட்டு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அவருடைய நூல் அவர் இறந்த பிறகு 1909இல் வெளியானது. ஆளின் இயல்பையும் வேலையின் தேவையையும் அறிந்து இரண்டையும் பொருத்திவிட்டால் போதும் என்பது அவருடைய அணுகுமுறை. பொருத்தம் ஒருமுறை அமைந்துவிட்டால் அது நீடிக்கும் என்ற நம்பிக்கை அதற்குள் இருந்தது. டொனால்ட் சூப்பர் 1950களில் அதைத் திருத்தினார். வளர்தல், தேடல், நிலைபெறுதல், பேணுதல், தளர்தல் என்று பணிவாழ்வைப் பருவங்களாகப் பகுத்தார். அவருடைய கணக்கில், நாற்பதுகளின் நடுவில் தொடங்கும் பேணும் பருவத்தில் ஒருவர் அசையாமல் நிற்பது இயல்பானது. இன்று தேக்கம் என்று நாம் வருந்துவதில் ஒரு பகுதியை அவர் பருவம் என்றே சொல்லியிருப்பார்.

தேக்கத்துக்கென்று தனி வரையறை 1977இல் வந்தது. ஃபெரன்ஸ், ஸ்டோனர், வாரன் ஆகிய மூவர், இனி மேல்பதவி கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைந்துவிட்ட புள்ளியே தேக்கம் என்றனர். அவர்களுடைய கட்டுரையின் சிறப்பு வேறொன்று. தேங்கியவர் எல்லாரும் திறமையற்றவர் என்ற எண்ணத்தை அது உடைத்தது. மேலே போக வாய்ப்பில்லாதவர்களிலேயே நன்றாக வேலை செய்பவர்கள் உண்டு. நிறுவனத்தைத் தாங்குபவர்களும் பெரும்பாலும் அவர்களே என்று அவர்கள் காட்டினர். ஜூடித் பார்ட்விக் 1986இல் இந்த வரையறையை விரித்தார். பதவிப் படிகள் முடிந்துபோவது ஒன்று; வேலையின் உள்ளடக்கம் வற்றிப்போவது இன்னொன்று; வாழ்க்கையே நின்றுவிட்டதாகத் தோன்றுவது மூன்றாவது. நான்கு ஆண்டுகள் கழித்து ஜார்ஜியா சாவ் மற்றொரு கோணத்தைச் சேர்த்தார். ஒருவர் தேங்கியிருக்கிறாரா என்பதைப் பதவியில் கழித்த ஆண்டுகளை எண்ணி முடிவுசெய்வதைவிட, அவரே அதை எப்படி உணர்கிறார் என்று அளப்பது பொருத்தம் என்றார்.

இந்த வேறுபாடுகள் வெறும் வகைபிரிப்பு என்று தோன்றலாம். ஆனால் இவற்றைக் கலந்து பேசுவதால்தான் பல அறிவுரைகள் தவறிப்போகின்றன. பதவி கிடைக்காதவரிடம் புதிதாகக் கற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள். கற்க ஒன்றுமில்லாதவருக்குப் பதவியைக் கொடுக்கிறார்கள். 1990களின் இறுதியில் டாமி ஆலனும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வுகள், உள்ளடக்கம் வற்றிப்போவது பதவி நின்றுபோவதைவிட மனநிறைவை அதிகமாகப் பாதிக்கக்கூடும் என்ற பக்கம் சாய்கின்றன. ஆனால் அவை அமெரிக்க அலுவலகங்களில் செய்யப்பட்டவை. பதவியோடு ஊரில் கிடைக்கும் மதிப்பும் கல்யாணச் சந்தையில் கிடைக்கும் மதிப்பும் பின்னிக் கிடக்கும் நம்மூரில் அதே விடை வருமா என்பது உறுதியில்லை.

முயற்சி மரபு

மிகப் பரவலான விடை, ஆளைத் திருத்தச் சொல்வது. 1859இல் ஸ்காட்லாந்துக்காரர் சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய சுய உதவி நூலில் இந்த மரபு தெளிவான வடிவம் பெற்றது. எளிய குடும்பத்தில் பிறந்து விடாமுயற்சியால் உயர்ந்த பொறியாளர்கள், கண்டுபிடிப்பாளர்கள் ஆகியோரின் வாழ்க்கைகளை அவர் அடுக்கிக் காட்டினார். தமிழில் எம்.எஸ். உதயமூர்த்தியின் "எண்ணங்கள்" முதலான நூல்கள் இந்த மரபைக் கொண்டுவந்தன. அவற்றைப் பழிப்பது எளிது, நியாயமாகாது. நமக்கெல்லாம் எதற்கு என்று வீடும் தெருவும் சொல்லிக்கொண்டிருந்த சூழலில் வளர்ந்த இளைஞருக்கு, உன் எண்ணத்துக்கு ஆற்றல் உண்டு என்று ஒரு புத்தகம் சொன்னது சிறிய செய்தி இல்லை.

இந்த மரபின் பலவீனம் அதன் சான்றுமுறையில் இருக்கிறது. உயர்ந்தவர்களை மட்டும் எடுத்து அவர்களிடம் என்ன இருந்தது என்று பார்க்கிறது. அதே விடாமுயற்சி இருந்தும் உயராதவர்கள் அந்தப் பட்டியலில் வருவதில்லை. ஆகவே உயராதவர் அதைப் படித்து முடிக்கும்போது, தன்னிடம் ஏதோ குறை என்ற முடிவுக்கே வர முடிகிறது.

ஆளையே காரணமாகக் காட்டும் இன்னொரு விளக்கம் 1969இல் லாரன்ஸ் பீட்டரும் ரேமண்ட் ஹல்லும் எழுதிய நூலில் வந்தது. செய்யும் வேலையில் சிறந்தவருக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது. அங்கும் சிறந்தால் மறுபடி கிடைக்கிறது. செய்யத் தெரியாத வேலையை எட்டும்போது உயர்வு நின்றுவிடுகிறது. எனவே காலப்போக்கில் ஒவ்வொரு பதவியிலும் அதற்குத் தகுதியற்றவரே நிலைத்திருப்பார் என்பது அவர்கள் வாதம். அங்கதமாக எழுதப்பட்டதென்றாலும், இதன் ஒரு பகுதிக்குப் பின்னாளில் சான்று கிடைத்தது. பென்சன், லீ, ஷூ ஆகியோர் அமெரிக்க நிறுவனங்களின் விற்பனைப் பிரிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட கட்டுரை, அதிகம் விற்றவர்களே மேலாளராக்கப்படுகிறார்கள் என்றும், முன்பு அதிகம் விற்றவர்கள் மேலாளராக அத்தனை சிறப்பதில்லை என்றும் காட்டியது. ஆனால் பீட்டரின் விதி, தகுதி மீறி உயர்ந்து தேங்கியவரைத்தான் விளக்குகிறது. நன்றாகவே வேலை செய்தும் முதல் படியிலேயே நிற்பவரைப் பற்றி அதனிடம் சொல்ல எதுவுமில்லை.

கூம்பின் கணக்கு

அமைப்பைக் காரணமாகக் காட்டுபவர்கள் முதலில் எடுப்பது எளிய கணக்கு. ஒரு மேலாளருக்குக் கீழ் ஏழு பேர், அந்த ஒவ்வொருவருக்குக் கீழும் ஏழு பேர் என்று நான்கு அடுக்குகள் கொண்ட அலுவலகத்தைக் கற்பனை செய்தால் மேலிருந்து கீழாக 1, 7, 49, 343. மொத்தம் 400 பேரில் 343 பேர் அடித்தட்டில். மேலே இருக்கும் 49 நாற்காலிகளும் ஒரே நாளில் காலியானாலும் ஏழில் ஒருவருக்குத்தான் இடம். எல்லாரும் ஆள்வினையுடைமையின் இலக்கணமாகவே இருந்தாலும் இந்த எண் மாறாது. அலுவலகம் விரிவடைந்துகொண்டே இருக்கும் காலத்தில் கணக்கு மறைந்திருக்கும். விரிவு நின்றவுடன் வெளியே தெரியும். சென்னையின் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் 2000களின் தொடக்கத்தில் சேர்ந்தவர்களும் 10 ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தவர்களும் தங்கள் வளர்ச்சியைப் பற்றி வேறு வேறு கதைகள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

ரோசபெத் மாஸ் கேன்டர் 1977இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கணக்கை மனிதர்களின் நடத்தையோடு இணைத்தது. பெரிய அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்குப் புனைபெயர் வைத்து, உள்ளே இருந்து கவனித்து எழுதியது அது. நகர்பவர்கள், சிக்கியவர்கள் என்று அவர் இரு சாராரைக் கண்டார். சிக்கியவர்கள் ஆசையைக் குறைத்துக்கொள்கிறார்கள். வேலையிலிருந்து மனத்தை எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்து மேசைக்காரர்களின் நட்பில் நிறைவு தேடுகிறார்கள். மாற்றம் கொண்டுவருபவரைச் சந்தேகிக்கிறார்கள். மேலாளர்கள் இதைப் பார்த்து, இவர்களுக்கு உயரும் எண்ணமே இல்லை என்கிறார்கள். பெண்களைப் பற்றி அந்நாளில் சொல்லப்பட்டதும் இதுவே. கேன்டரின் கண்டுபிடிப்பு, அதே மூடிய பதவிகளில் இருந்த ஆண்களும் அப்படியே நடந்துகொண்டார்கள் என்பது. ஆசையின்மையால் ஒருவர் தேங்கினார் என்று தோன்றும் இடத்தில், தேங்கியதால் ஆசை குறைந்திருக்கலாம். இந்தத் துறையில் எழுதப்பட்டவற்றில் காரணத்தையும் விளைவையும் இடம்மாற்றிப் பார்க்க வைத்த முக்கியமான வரி இதுதான் என்பது என் மதிப்பீடு.

கணக்கு எல்லாருக்கும் பொது. கதவு எல்லாருக்கும் ஒரே மாதிரி திறப்பதில்லை. பெண்களுக்கு மேலே இருக்கும் கண்ணாடிக் கூரை பற்றிய பேச்சு 1970களின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. 2023இல் பொருளியல் நோபல் பெற்ற கிளாடியா கோல்டின், பாகுபாட்டோடு வேலையின் நேர அமைப்பையும் காரணமாகக் காட்டினார். எந்நேரமும் அழைத்தால் வரத் தயாராக இருப்பவருக்குக் கூடுதலாக, அதுவும் அளவுக்கு மீறிக் கூடுதலாகக் கொடுக்கும் வேலைகளில், பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் பின்தங்குகிறார். அந்த ஆள் பெரும்பாலும் பெண்.

நம் பக்கத்தில் திருப்பூர் இதற்குத் தெளிவான சான்று. பவர் டேபிளிலும் ஓவர்லாக்கிலும் உட்கார்ந்து தொடங்கியவர்கள் கம்பெனி முதலாளிகளானது அந்த ஊரின் பெருமைக் கதை. ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட ஆய்வு நூல் அந்தக் கதையைப் பொய் என்று தள்ளவில்லை. உழைப்பு உண்மை என்கிறது. கூடவே, உழவுப் பின்னணியிலிருந்து வந்த கவுண்டர் சாதி ஆண்கள் அந்த உழைப்பை முதலாக மாற்றிக்கொள்ள உறவும் நம்பிக்கையும் கொண்ட சகோதர வலை துணைநின்றதை விரிவாகக் காட்டுகிறது. அதே தறியிலும் தையலிலும் உழைத்த பெண்களுக்கும் தலித்துகளுக்கும் அந்த ஏணி அதே அளவில் கிடைக்கவில்லை. முயற்சியா அமைப்பா என்ற கேள்விக்கு, முயற்சி யாருடைய கையில் பலிக்கிறது என்பதை அமைப்பு தீர்மானிக்கிறது என்ற விடை இங்கே கிடைக்கிறது.

இந்திய அரசமைப்பும் இதை அறிந்திருக்கிறது. இட ஒதுக்கீடு வேலையில் சேரும் வாசலோடு நிற்கலாம், பதவி உயர்வுக்கு நீளக்கூடாது என்று 1992இல் உச்ச நீதிமன்றத்தின் மண்டல் தீர்ப்பு சொன்னது. 1995இல் 77ஆவது திருத்தம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பதவி உயர்விலும் ஒதுக்கீடு தர வழி செய்தது. தேக்கம் தனிமனிதரின் மனநிலை மட்டுமே என்றால் அதற்காக அரசமைப்பைத் திருத்த வேண்டியிருந்திருக்காது. அமைப்பு விளக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரே அலுவலகம், ஒரே சமூகப் பின்னணி, ஒரே பதவி என்றிருக்கும் இருவரில் ஒருவர் நொந்துபோகிறார், மற்றவர் அமைதியாக இருக்கிறார். அந்த வேறுபாட்டை அது விளக்குவதில்லை.

அரசு கண்ட விடை: ஊதியம் தனி, பதவி தனி

தேக்கத்தைச் சட்டமாகவே எழுதி, விடையையும் சட்டமாக எழுதிய இடம் இந்திய அரசுப் பணி. உலகின் மேலாண்மை நூல்களில் இது அதிகம் பேசப்படுவதில்லை, பேசப்பட வேண்டியது.

தமிழ்நாடு அரசுப் பணியில் ஒரே பதவியில் 10 ஆண்டுகள் முடித்தால் தேர்வுநிலை, 20 ஆண்டுகள் முடித்தால் சிறப்புநிலை. வங்கிகளில் ஊதிய வரம்பின் உச்சியைத் தொட்டு நிற்பவருக்குத் தேக்கநிலை ஊதிய உயர்வு என்ற பெயரிலேயே ஒன்று இருதரப்பு ஒப்பந்தங்களில் இடம்பெறுகிறது. மத்திய அரசில், ஐந்தாவது ஊதியக் குழுவின் பரிந்துரையை ஒட்டி 1999 ஆகஸ்ட் 9 முதல் உறுதிசெய்யப்பட்ட பணி முன்னேற்றத் திட்டம் வந்தது. பதவி உயர்வே கிடைக்காவிட்டாலும் 12ஆம் ஆண்டிலும் 24ஆம் ஆண்டிலும் மேல்நிலை ஊதியம். ஆறாவது குழுவுக்குப் பின், 2008 செப்டம்பர் 1 முதல் அது 10, 20, 30 ஆண்டுகள் என்று மூன்று படிகளாக மாறியது.

இதற்குப் பின்னால் நீதிமன்றங்களின் கை உண்டு. சி.எஸ்.ஐ.ஆர். தொடர்பான ஒரு வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம், ஒருவரை ஒரு வேலைக்காக மட்டுமன்றி முழுப் பணிவாழ்வுக்காகவே நிறுவனம் அமர்த்துகிறது, ஆகவே முன்னேறும் வாய்ப்பைத் தரவேண்டும் என்ற கருத்தை வெளியிட்டது. அதேவேளை, பதவி உயர்வுக்குப் பரிசீலிக்கப்படுவதே உரிமை, பதவி உயர்வு உரிமையாகாது என்பதும் நிலைபெற்ற சட்டம். இந்த இரண்டுக்கும் நடுவே விழுந்த பள்ளத்தைத்தான் காலமுறை ஊதிய உயர்வு மூடப் பார்த்தது.

அது மூடியதா? பணத்தின் அளவில் பெருமளவு மூடியது. பத்திரிகைகளில் கேலி செய்யப்படும் கடைநிலை ஊழியருக்கு, முப்பது ஆண்டுகள் ஒரே படியில் நின்ற வறுமை நீங்கியது. இதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. ஆனால் மனக்குறை நீங்கியதாகத் தெரியவில்லை. மேல்நிலை என்றால் எது என்பதே வழக்காயிற்று. அடுத்த பதவிக்குரிய ஊதியம் வேண்டும் என்று ஊழியர்கள் கேட்டார்கள். ஊதிய அட்டவணையில் அடுத்த வரிசை மட்டுமே என்று அரசு வாதிட்டது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் முடிவு சொன்னது. வெளிப்பார்வைக்கு அது சில ஆயிரம் ரூபாய் வித்தியாசம். உள்ளே இருந்த கேள்வி, பதவி ஏறாதவரை அரசு எந்தப் பதவியோடு சமமாக எண்ணுகிறது என்பது. சீனியாரிட்டி பட்டியலில் தன் பெயரின் இடத்துக்காக ஊழியர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்காடுவதையும், ஓய்வுபெற ஆறு மாதம் இருக்கும்போதும் பேனலில் பெயர் வரவேண்டும் என்று காத்திருப்பதையும் பணக்கணக்கால் மட்டும் விளக்க முடியாது.

எதிர்த்திசையிலும் ஒரு வழக்கம் உண்டு. பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பவர்கள். வங்கி எழுத்தராக இருப்பவர் அதிகாரியானால் ஊர் மாற வேண்டும். பிள்ளைகளின் பள்ளி, வயதான பெற்றோர், கணவரின் வேலை எல்லாம் இங்கே இருக்கின்றன. மறுப்பவர்களில் பெண்கள் கணிசம். மத்திய அரசின் திட்டமோ, கொடுத்த பதவி உயர்வை முன்பே மறுத்தவருக்குக் காலமுறை உயர்வு இல்லை என்கிறது. தேக்கத்தை அவரே தேர்ந்தார் என்பது அதன் தர்க்கம். ஊர்மாற்றத்தையும் பதவியையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டு, கயிற்றைத் தொடாதவரை விருப்பத்தோடு நின்றவர் என்று சொல்வது சரியா என்பது விவாதத்துக்கு உரியது.

தனியார் துறை இதை நேர் எதிராகச் செய்திருக்கிறது. அரசு பதவி தராமல் ஊதியம் தந்தது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் வேலையை மாற்றாமல் டிசிக்னேஷன் தந்தன. அசோசியேட், சீனியர் அசோசியேட், லீட், சீனியர் லீட் என்று படிகள் பெருகின. செய்கிற வேலை பல இடங்களில் அதேதான். ஆண்டுதோறும் வரும் அப்ரைசலில் பெல் கர்வ் முறை இருந்தால், குழுவில் எத்தனை பேர் சிறப்பாகச் செய்தார்கள் என்பதைப் பொருட்படுத்தாமல் உயர் ரேட்டிங் ஒரு சிலருக்கே. பார்ட்விக்கின் மொழியில் சொன்னால், அரசு முதல் வகைத் தேக்கத்தின் பண இழப்பை ஈடுசெய்தது. தனியார் துறை முதல் வகைக்குப் பெயர்ப்பலகையால் மருந்து போட்டது. இரண்டாம் வகையான உள்ளடக்கத் தேக்கத்தை இரண்டுமே பெரிதாகத் தொடவில்லை.

அதிகாரம் கையில் இல்லாமை

உள்ளடக்கத்தைத் தொட்ட ஆய்வுகள் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தன: இதய நோய் ஆராய்ச்சி. பிரிட்டன் அரசு ஊழியர்களில் 17,000க்கும் மேற்பட்ட ஆண்களை 1967 முதல் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வு, பதவி குறையக் குறைய இதய நோயால் இறக்கும் வாய்ப்பு கூடுவதைக் கண்டது. இவர்களில் யாரும் வறியவர்கள் இல்லை. எல்லாருக்கும் நிலையான வேலை, மேசை, ஓய்வூதியம். 1985இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வில் பெண்களும் சேர்ந்து 10,308 பேர். மைக்கேல் மார்மட்டும் சகாக்களும் அதிலிருந்து, தன் வேலையின் வேகத்தையும் முறையையும் தான் தீர்மானிக்க முடியாமை இதய நோயோடு தொடர்புடையது என்று காட்டினர். ராபர்ட் கராசெக் 1979இலேயே இதற்கு ஒரு மாதிரி தந்திருந்தார்: பளு அதிகம், முடிவெடுக்கும் உரிமை குறைவு என்ற சேர்க்கைதான் ஆளை அரிக்கிறது.

இது தேக்கக் கேள்வியின் வடிவத்தையே சற்று மாற்றுகிறது. ஒருவர் மேலே போக ஏங்குவது பதவிப் பெயருக்காகத்தானா, அல்லது மேலே போனால்தான் தன் வேலையைத் தானே தீர்மானிக்கலாம் என்பதாலா? பின்னது உண்மையானால், பதவி தராமலே அந்த உரிமையைத் தரமுடியும். ஆனால் இந்தச் சான்றுகள் தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, காரணத்தை ஐயமற நிறுவுவதில்லை என்ற எச்சரிக்கையும் வேண்டும். இளமையின் வறுமை, கல்வி, பழக்கங்கள் ஆகியவை பதவியோடு கலந்தே வருகின்றன.

உரிமை மேலிருந்து வராவிட்டால் கீழிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்கிறது 2001இல் ஏமி ரெஸ்னெவ்ஸ்கியும் ஜேன் டட்டனும் முன்வைத்த கருத்து. மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களில் சிலர் தங்கள் வேலையைத் தரை துடைப்பதோடு நிறுத்தாமல், நோயாளிக்கு ஆறுதலாவதையும் அதன் பகுதியாக்கிக்கொண்டார்கள். வேலையின் எல்லையை அவர்களே திருத்தி வரைந்தார்கள். அழகான, உண்மையான கவனிப்பு இது. ஆனால் அந்தப் பணியாளரின் கூலி கூடவில்லை. கூடுதல் உழைப்பு மருத்துவமனைக்கு இலவசமாகப் போயிற்று. மேலும், திருத்தி வரைய வேலையில் கொஞ்சம் இடைவெளி வேண்டும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கும், ஒரகடத்தில் ஓடும் அசெம்பிளி லைனில் நிற்பவருக்கும் அந்த இடைவெளி எங்கே?

வெளியேறுதல், பேசுதல், பொறுத்தல்

நிற்கும் இடம் சரியில்லை என்றால் என்ன செய்வது என்பதற்கு ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் தந்த சட்டகம் இன்றும் பயன்படுகிறது. வெளியேறலாம், இருந்தபடியே குரல் கொடுக்கலாம், பற்று எது முந்தும் என்பதைத் தீர்மானிக்கும். நைஜீரியாவில் ரயில்வே மோசமானபோது வாடிக்கையாளர்கள் லாரிகளுக்குப் போய்விட்டதால் ரயில்வேயைத் திருத்தச் சொல்லும் குரலே இல்லாமல் போனதைப் பார்த்து உருவான சிந்தனை அது. வேலையிடத்துக்குப் பொருத்தினால் ஒரு சங்கடமான முடிவு வருகிறது. பேப்பர் போட்டுவிட்டுப் போகக்கூடியவர்கள் திறமையும் துணிவும் உள்ளவர்கள். அவர்களே குரல் கொடுக்கவும் வல்லவர்கள். அவர்கள் போனபின் தேங்கியிருப்பவர்களின் குரல் இன்னும் தணிகிறது. ஒருவரின் நல்ல முடிவு, மற்றவர்களின் நிலையை மோசமாக்கலாம்.

வெளியேறுவது பலன் தருமா? பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட், முடிவெடுக்கத் தயங்கியவர்களை நாணயம் சுண்ட வைத்துப் பின்தொடர்ந்தார். 20,000க்கும் மேற்பட்ட முறை நாணயம் சுண்டப்பட்டது. மாற்றத்தைச் செய்தவர்கள் ஆறு மாதத்துக்குப் பின், செய்யாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். தயங்கினால் கிளம்பிவிடு என்பதற்குச் சான்றாக இது அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் ஒரு முடிவை நாணயத்திடம் ஒப்படைக்க முன்வந்தவர்கள் யார், ஆறு மாதம் போதுமா என்ற கேள்விகள் நிற்கின்றன. பாஸ்வெல், பூட்ரோ, டிச்சி ஆகியோர் 2005இல் உயர் மேலாளர்களை ஆராய்ந்தபோது, வேலை மாறியவுடன் எழும் நிறைவு பிறகு சரிவதைக் கண்டார்கள். புதுமோகத்தையும் நிலையான நலனையும் பிரித்தறிய ஆறு மாதம் குறைவு என்றே நினைக்கத் தோன்றுகிறது.

ஹெர்மினியா இபாரா 2003இல், யோசித்துத் தெளிந்தபின் நகரலாம் என்று காத்திருப்பவர் நகர்வதே இல்லை, சிறு சோதனைகளில் இறங்கினால்தான் தெளிவு வரும் என்றார். கால் நியூபோர்ட் 2012இல், விருப்பத்தைத் தேடி ஓடுவதைவிட அரிய திறனைச் சேர்த்துக்கொண்டு அதை வைத்துப் பேரம் பேசு என்றார். இரண்டும் பயனுள்ளவை; இரண்டும் கையில் மாலைநேரமும் சேமிப்பும் உள்ளவரை மனத்தில் வைத்தவை. மூன்று மாத நோட்டீஸ் பீரியட், மாதம் பிறந்தால் இ.எம்.ஐ., 2003 ஏப்ரலுக்கு முன் அரசுப் பணியில் சேர்ந்தவருக்கு விட்டுப்போக மனம் வராத பழைய ஓய்வூதியம் ஆகியவை இவர்களின் பக்கங்களில் இல்லை.

குரல் கொடுத்தல் என்பதைத் தனிநபர் நூல்கள் மேலாளரிடம் பேசுவதாகவே புரிந்துகொள்கின்றன. தமிழ்நாட்டில் அதற்கு நீண்ட கூட்டு வரலாறு உண்டு. காலமுறை ஊதிய உயர்வு தொடர்பான அரசாணை 354ஐ முன்வைத்து அரசு மருத்துவர்கள் 2019 அக்டோபரில் வேலைநிறுத்தம் செய்தது அண்மைய உதாரணம். தேர்வுநிலையும் சிறப்புநிலையும் இன்று ஒரு எழுத்தரின் சம்பளச் சீட்டில் இருப்பதற்குச் சங்கங்களின் பங்கு, எந்தத் தன்னம்பிக்கை நூலின் பங்கையும்விடப் பெரியது என்று துணிந்து சொல்லலாம்.

பொறுத்தலுக்கு ஆதரவான வாதம் வயதிலிருந்து வருகிறது. நடுவயதில் வாழ்க்கை நிறைவு தாழ்ந்து பிறகு எழுகிறது என்று பிளாஞ்ச்ஃபிளவரும் ஆஸ்வால்டும் 2008இல் பல நாடுகளின் தரவுகளிலிருந்து எழுதினார்கள். அப்படியானால் நாற்பதுகளின் சோர்வு தானே கடக்கும். ஆனால் ஒரே காலத்தில் வெவ்வேறு வயதினரை ஒப்பிட்டு வரைந்த வளைவு, ஒரே மனிதரின் வாழ்நாளிலும் அப்படியே அமையுமா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் உடன்படவில்லை.

இன்னும் திறந்திருப்பவை

இத்தனைக்கும் பிறகு ஓரளவு நம்பிக்கையோடு சொல்லக்கூடியவை சில. தேக்கம் பல வகை. ஒரு வகைக்கான மருந்து மற்றதற்குச் செல்லாது. கூம்பு இருக்கும்வரை பெரும்பாலோர் அதன் மேல்பாதியை அடைய மாட்டார்கள். தேங்கியவரின் சோர்வைப் பார்த்து அவர் ஏன் தேங்கினார் என்று முடிவுசெய்வது ஆபத்தானது. தெரியாதவை இவற்றைவிட அதிகம். பதவி தராமல் ஊதியம் தரும் இந்திய ஏற்பாடு, ஊழியர் தம் வேலையில் காட்டும் ஈடுபாட்டை உயர்த்தியதா தணித்ததா என்பது இரு பக்கமும் உரத்துப் பேசப்படுகிறது. சான்று அந்த அளவு உரத்து இல்லை. முடிவெடுக்கும் உரிமையைக் கீழ்ப்படிகளுக்குப் பகிர்ந்தால் பதவி ஏக்கம் குறையுமா, அல்லது பொறுப்பு மட்டும் கூடி ஏக்கம் அப்படியே இருக்குமா என்பதும் திறந்த கேள்விதான்.

ஆனால் மேலே பார்த்த அத்தனை விளக்கங்களுக்கும் பொதுவாக ஒரு குருட்டுப்புள்ளி இருக்கிறது. ஏணி ஒன்று உண்டு, அதில் ஒருவர் ஏதோ ஒரு படியில் நிற்கிறார் என்று எல்லாமே எடுத்துக்கொள்கின்றன. தமிழ்நாட்டின் அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறார்கள். அரசுப் பள்ளிகளில் 2012 முதல் பகுதிநேர ஆசிரியர்கள் ஓவியமும் உடற்கல்வியும் தையலும் சொல்லித் தருகிறார்கள். உள்ளடக்கம் வற்றவில்லை; அவர்களில் பலருக்கு வேலையின் மேல் பற்றும் குறையவில்லை. ஆயினும் ஃபெரன்ஸின் வரையறையும் பார்ட்விக்கின் மூன்று வகைகளும் அவர்களிடம் வந்து நின்றுவிடுகின்றன. முறையான தேர்வு வழி வராதவரை நீண்ட காலம் பணியாற்றிய காரணத்துக்காக மட்டும் நிரந்தரமாக்க முடியாது என்று கர்நாடக வழக்கொன்றில் 2006இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்வாசல் நியமனங்களைத் தடுப்பது அதன் நோக்கம். அந்த நோக்கம் நியாயமானது. அதே தீர்ப்பு, அரசே ஆண்டுதோறும் புதுப்பித்து வேலை வாங்கியவர்களையும் கட்டிவிட்டது. பத்து ஆண்டு முடித்தால் தேர்வுநிலை என்ற விதி ஒரு கௌரவ விரிவுரையாளருக்குப் பொருந்த வேண்டுமானால், முதலில் அவருடைய பணிக்காலம் எண்ணத் தொடங்கப்பட வேண்டும். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதே அவருடைய வழக்கு.